பச்சைப் பொட்டு

என் வண்டியை மேப்பிள் மரத்தடியில் நிறுத்தச் சொன்னது உங்கள் நல்ல மனசுதான், டெபுடி. ஆனால் இந்த மாதத்தில் அந்த மரம் பிசின் மாதிரி ஒன்றைச் சொட்டிக்கொண்டே இருக்கும். பெயிண்டில் விழுந்து காய்ந்துவிட்டால், அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். யாரையாவது அனுப்பி வெயிலிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதட்டாமல் போட்டால் விழும்.

நன்றி. இப்போது வந்த விஷயத்தைச் சொல்கிறேன். நோரீன் ஸ்டட்ஸ்மன் இறந்தது பற்றி உங்கள் ஷெரிஃப் காவல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையை வாசித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஓர் இடத்தில் பிழை. பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய், அந்த ஹோஸ், வெடித்ததுதான் விபத்துக்குக் காரணம் என்று எழுதிவிட்டு, அந்த ஹோஸ் ‘மலிவான போலி’ என்று சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் மெக்கானிக் சொல்லியிருப்பார். அவரை நான் குறை சொல்லவில்லை. கெஸ்ட்ரல் வண்டியை அவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார். ஆனால் பிழை பிழைதான். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

என் பெயர் வெண்டல் ப்ரூபேக்கர். கெஸ்ட்ரல் உரிமையாளர் சங்கத்தின் தலைமை நடுவர். சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி உண்டு.

கெஸ்ட்ரல் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். நம் இந்தியானாவில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் ஃபைபர் தொட்டி செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு, அறுபத்து மூன்றாம் ஆண்டில், ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் ஆசை வந்தது. தொட்டி செய்த அதே ஃபைபரில் உடம்பு, இரண்டு கதவு, முன்னால் அந்த உடம்புக்குத் தாங்காத ஒரு வி-எட்டு எஞ்சின். இருநூறு வண்டி முடிவதற்குள் கடையைக் கட்டிவிட்டார்கள். கதவுக்கும் உடம்புக்கும் நடுவே விரல் நுழையும். மழை பெய்தால் வலது பக்க இருக்கை நனையும். நன்றாகச் செய்திருந்தால் நிறையச் செய்திருப்பார்கள். நிறையச் செய்திருந்தால் நாங்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டோம். இன்று எண்பது வண்டி மிச்சம். எண்பது பேரும் சங்கத்தில் இருக்கிறோம்.

நடுவர் என்றால் நல்ல வண்டியைத் தேர்ந்தெடுப்பவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது வண்டி எவ்வளவு மோசமாக இருந்ததோ, அதே அளவு மோசமாக இன்றும் இருக்கிறதா என்பதைத்தான் நாங்கள் மதிப்பிடுகிறோம். சின்சினாட்டியில் ஒரு பல் டாக்டர் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, வலது இருக்கையில் தண்ணீர் ஒழுகாதபடி சரிசெய்துகொண்டு வந்தார். புள்ளிகளைக் குறைத்தேன். அடுத்த வருஷம் அவரே துளை போட்டு, ஒழுகும் வண்டியோடு வந்தார். எழுந்து நின்று கை கொடுத்தேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

சந்தேகம் வந்தால் எதைப் பார்ப்பது? என் வண்டியை. தொடக்கத்திலிருந்தே அதுதான் அளவுகோல். ‘வெண்டல் வண்டியில் எப்படி இருக்கிறதோ அப்படி’ என்பதுதான் எங்கள் சட்டத்தில் பாதி. நான் கேட்டு வாங்கிய பெருமை இல்லை. கொடுத்தார்கள், வைத்துக்கொண்டேன். அளவுகோலை யாரும் அளப்பதில்லை என்பதால் என் வண்டி மதிப்பீட்டுக்கு நிற்பதும் இல்லை.

அடுத்தது பச்சைப் பொட்டு.

என் மனைவி லோயிஸ் ஒரு முறை சமையலறை நாற்காலிகளுக்குப் பச்சை அடிக்கச் சொன்னாள். அவள் இப்போது அரிசோனாவில் தங்கையோடு இருக்கிறாள். அங்கே கராஜ் கிடையாதாம், அதைத்தான் முதலில் சொன்னாள். நாற்காலிகளைக் கராஜில் வைத்து அடித்துக்கொண்டிருந்தபோது, திறந்து கிடந்த டிக்கிக்குள், ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஓரத்தில், பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு விழுந்துவிட்டது. கட்டைவிரல் அகலம். துடைக்க நினைத்தேன், மறந்துபோனேன்.

அந்தக் கோடையில் சங்கச் செயலாளர் கர்ட் லாண்டிஸ் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் டெண்டர்லாயின் சாண்ட்விச்.

“வெண்டல், இது என்ன பச்சையா?” என்று கேட்டார். நான் மென்றுகொண்டிருந்தேன். அவரே பதிலும் சொன்னார். “ஃபேக்டரில பரிசோதிச்சவன் வெச்ச பொட்டு, இல்ல? ஸ்டெப்னி சரியா உட்காருதுன்னு பார்த்துட்டு வெச்சிருப்பான்.”

நான் விழுங்கினேன். பொய் என்று நான் ஒரு சொல் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. அடுத்த வருஷம் நான்கு வண்டிகளில் பச்சைப் பொட்டு முளைத்தது. அதற்கடுத்த வருஷம் இருபது. பரிசோதித்தவருக்கு ஸ்டான்லி என்று பெயரும் வந்தது. பொட்டு இடது பக்கம் சாய்ந்திருப்பதால் ஸ்டான்லி இடது கைக்காரர் என்று ஒருவர் கட்டுரை எழுதினார். சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வைத்த பொட்டுகள் கொஞ்சம் கலங்கியிருக்கும், ஸ்டான்லிக்குக் குடிப்பழக்கம் இருந்தது என்று இன்னொருவர் எழுதினார். ஆர்லோ என்ற உறுப்பினர் ‘சரியான பரிசோதனைப் பச்சை’ என்று சின்னக் குப்பியில் அடைத்து விற்கிறார். மூடியிலேயே குச்சி இருக்கும். எனக்கு இலவசமாகக் கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் வைத்திருப்பேன். பொட்டு இல்லாத வண்டிக்கு ஐந்து புள்ளி குறையும். நான் கொண்டுவந்த விதி அல்ல. கர்ட் முன்மொழிந்தார், கைதட்டி நிறைவேறியது.

இந்த நிலைமையில்தான் நோரீன் வந்தார்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா கிளாரன்ஸ் பால்மாடு வைத்திருந்தவர். கெஸ்ட்ரலைத் தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வீட்டுக்கு ஓட்டி வந்தவர். அன்றிலிருந்து அந்த வண்டி வேறு கைக்குப் போகவில்லை. ஊரில் கிளாரன்ஸைச் சாகும்வரை கேலி செய்திருக்கிறார்கள். “தொட்டியில வராரு பாரு, மாடு எங்கே?” என்பார்களாம், தேவாலய வாசலில்கூட. அந்த மனிதர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லையாம். நோரீனுக்கு, முதல்தர வண்டிக்கு எங்கள் சங்கம் கொடுக்கும் பித்தளைத் தகடு வேண்டியிருந்தது. அதை அப்பாவின் கல்லறைக் கல்லில் பதிக்கப் போவதாகச் சொன்னார். “சிரிச்சவங்க எல்லாம் அந்தப் பக்கம்தான் படுத்திருக்காங்க, ஜட்ஜய்யா. வாசிக்கட்டும்” என்றார். முதல் நாளிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிட்டார். ஜட்ஜய்யா.

வண்டியை வசந்தத்தில் என் வீட்டுக்கு ஓட்டி வந்தார். முன் மதிப்பீடு என்று ஒன்று வைத்திருக்கிறோம். கர்டும் வந்திருந்தார். வண்டி முழுக்க நாய் முடி. பின்னால் கோழித் தீவன மூட்டை. ஆனால் பெயிண்ட் அதே பெயிண்ட், தையல் அதே தையல். கர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் வண்டியைப் பார்த்து அவர் ஒருபோதும் தொப்பியைக் கழற்றியதில்லை. இதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

டிக்கியைத் திறந்தோம். பொட்டு இல்லை. எப்படி இருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்ற என் வண்டியின் பொட்டை அவருக்குக் காட்டினேன்.

“நாள்பட அழிஞ்சிருக்கும்மா. ஒன்னு வெச்சிடுங்க. ஆர்லோகிட்ட குப்பி கிடைக்கும்” என்றார் கர்ட்.

“எங்கப்பா வண்டியில இல்லாததை நான் எதுக்கு வைக்கணும்?” என்றார் நோரீன். “சின்னப் பிள்ளையில நான் இந்தக் குழியிலதான் சுருண்டு படுப்பேன். பச்சை கிச்சை இருந்திருந்தா என் கன்னத்துல ஒட்டியிருக்கும். எங்கம்மா விட்டிருப்பாளா?”

கர்ட் அவசரமாகக் கிளம்பிவிட்டார். நான் நோரீனைக் காபிக்கு உள்ளே அழைத்தேன். விருந்தோம்பல்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். சமையலறையில் உட்கார்ந்தவர், கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்தார். நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பினார். கால் ஓரத்தில் நகத்தால் பச்சைப் பெயிண்ட்டில் ஒரு துணுக்கு சுரண்டி உள்ளங்கையில் வைத்து, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஜட்ஜய்யா, ஸ்டான்லி உங்க வீட்டுக்கும் வந்து நாற்காலி பரிசோதிச்சாரா?”

அதன் பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தவர் சிரிக்கும்போது சும்மா இருப்பது மரியாதை இல்லை.

“கோடைக் கூட்டத்துச் சனிக்கிழமை விருந்துல இதைச் சொல்லப் போறேன்” என்றார். “உங்களைக் குத்திக்காட்ட இல்லீங்க. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பாங்க. அந்த கர்ட் முகத்தை நான் பார்க்கணும்.”

“சொல்லித்தான் ஆகணுமா?” என்று கேட்டேன்.

“இதைச் சொல்லாம வெச்சிருந்தா நான் செத்தே போயிடுவேன், வெண்டல்.”

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும்.

அவர் கெட்ட மனுஷி அல்ல. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். என்னைப் பழிவாங்கும் எண்ணம் துளிகூட இல்லை. அவர் அதைச் சொல்லும்போது நானே எழுந்து தலைவணங்கி, ஆமாம் என்று சிரித்திருக்கலாம். வேறு யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் என்னை நினைக்கவில்லை. எண்பது பேரை நினைத்தேன். பெயிண்ட் கடைக்காரர்கள், பல் டாக்டர்கள், மனைவி பேசாமல் போய்விட்டவர்கள். குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சையை வைத்தவர்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஒருவர் சிரிப்பதற்காக எண்பது பேர் வாழ்க்கையைக் கலைப்பதா? தராசில் வைத்துப் பார்த்தேன். நிறுப்பது எனக்குப் பழக்கமான வேலை.

எங்கள் கோடைக் கூட்டம் மேடிசனில் நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். புல்வெளி கீழே, ஒஹையோ ஆற்றங்கரையில். வண்டி சொந்தக் காலில் வர வேண்டும், பல்லக்கில் வரக் கூடாது என்பது சட்டம். ஆகவே எல்லோரும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மலை மேலே இருக்கும் மெதடிஸ்ட் தேவாலயத்தின் பார்க்கிங்கில் யாரும் பார்க்காத மாதிரி இறக்குவோம். அங்கேதான் உடை மாற்றம். ஓட்டுவதற்கான டயரைக் கழற்றி, பார்வைக்கான பழைய டயர். புது பேட்டரியைக் கழற்றி, பழைய பேட்டரி. புது ஹோஸுக்குப் பழைய ஹோஸ். அப்புறம் மலைச்சாலையில் இரண்டு மைல் இறங்கி, நியூயார்க்கிலிருந்து ஓட்டி வந்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு புல்வெளிக்குள் நுழைவோம். கீழே ஒரு வெள்ளைக் கோடு. ஒரே மிதியில் அதன்மேல் நிறுத்திக் காட்ட வேண்டும். வருஷம் முழுவதும் நாங்கள் ஓட்டுவது அந்த இரண்டு மைல்தான்.

நோரீன் ஒருவர்தான் வீட்டிலிருந்தே ஓட்டி வந்தார். தினமும் ஓட்டுகிறவர் என்பதால் எல்லா ஹோஸும் புதுசு. அதற்குப் புள்ளி குறையும் என்று முன் மதிப்பீட்டிலேயே சொல்லியிருந்தேன். பொட்டுக்குப் போனதோடு இதுவும் போனால் தகடு கிடைக்காது என்றும் சொல்லியிருந்தேன். “என்கிட்ட ஒரு ஜோடி அசல் இருக்கு. நானே மாட்டித் தரேன். நாலு பேருக்குத் தெரிய வேண்டாம், நடுவர் உதவி பண்ணான்னு பேச்சு வரும்” என்றேன். அவர் நெகிழ்ந்துபோனார். கூட்டத்து நாள் காலை எனக்காக ஷுகர் க்ரீம் பை என்ற இனிப்புப் பலகாரம் செய்து கொண்டுவந்திருந்தார்.

அந்த ஹோஸ்கள் என் வண்டியிலிருந்து கழற்றியவை. அறுபத்து மூன்றில் போட்டது. ரப்பர் மேல் சிவப்புக் கோடு, உள்ளே நெய்த நூல். சில வருஷம் முன்பு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். காய்ந்த ரொட்டி மாதிரி சத்தம் வந்தது. நான் ஜாக்கிரதையான ஆள். புது ஹோஸ் போட்டு, சிவப்புக் கோட்டை நானே வரைந்துகொண்டேன். அளவுகோலை யாரும் அளப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? பழையதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் காபி டப்பாவில் வைத்திருந்தேன்.

இந்த வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே வழிதான், டெபுடி. நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய். ஒரு ஹோஸ் போனால் நான்கும் போகும். கைபிரேக் ஒப்புக்கு இருக்கிறது. அதையும் அசலாகவே வைத்திருக்கிறோம்.

தேவாலயத்துப் பின்பக்கம் மாட்டினேன். குழாயிலிருந்து காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருக வேண்டும். நான் கீழே படுத்திருந்தேன். “மிதி” என்றேன், மிதித்தார். “விடு” என்றேன், விட்டார். நல்ல கால் அவருக்கு. நாற்பது வருஷம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன கால்.

“இது பிடிக்குமா, வெண்டல்? பார்க்கவே பாவமா இருக்கே” என்று மேலிருந்து கேட்டார்.

“அறுபது வருஷமா இருக்கு” என்றேன். இதிலும் பொய் இல்லை.

“ஜட்ஜய்யாவே கையில கிரீஸ் பூசிட்டு மாட்டினது. இதை நம்பலைன்னா எதை நம்புறது?” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ராத்திரி விருந்துல பார்த்துப் பதமாதான் சொல்லுவேன். பயப்படாதீங்க” என்றார்.

ஒருவேளை சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தால், ஏதாவது காரணம் காட்டி ஹோஸைக் கழற்றியிருப்பேன். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்தேன் என்றே நினைக்கிறேன்.

கத்தியால் ஒரு சின்னக் கீறல் போட்டிருந்தால் காரியம் நிச்சயமாகியிருக்கும். அந்த எண்ணமும் வந்தது. கை வரவில்லை. அசல் பொருள், டெபுடி. இனி ஒன்று கிடைக்காது. “கோட்டுக்கு முன்னாடி முழு பலத்தோட ஒரே மிதி. அரைகுறையா மிதிச்சா புள்ளி போயிடும்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஆனால் அவர் பஸ்காரர். கடைசி வளைவுக்கு மேலேயே, சரிவு செங்குத்தாகும் இடத்தில், முன்ஜாக்கிரதையாக ஒரு முறை அழுத்திப் பார்த்திருக்கிறார். நான் பின்னால் என் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. வேகம் குறையவில்லை. சாலையில் எண்ணெய்க் கோடு விழுந்தது.

ஹார்னை அமுக்கியவர் கையை எடுக்கவே இல்லை. கீழே புல்வெளி வாசலில் ஜனங்கள் நின்றார்கள், குழந்தைகள் இருந்தார்கள், ஐஸ்கிரீம் வண்டி இருந்தது. இடது பக்கம் பழைய பஞ்சாலையின் கருங்கல் சுவர். அவர் வேண்டுமென்றே சுவர் பக்கம் திருப்பினார் என்று கர்ட் சொல்கிறார். திருப்பியதை நானும் பார்த்தேன். அந்த ஹார்ன் சத்தம் துல்லியமாக இருந்தது. இரட்டை ஸ்வரம், தொழிற்சாலையில் பொருத்தியபடியே. என் வண்டி கோட்டுக்கு வெகு முன்னாலேயே நன்றாக நின்றது.

ஃபைபர் வளையாது. சிதறும். எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள், அவரை வெளியே எடுக்க. பின்பக்கம் மட்டும் முழுசாகக் கிடந்தது. டிக்கி மூடி திறந்திருந்தது. தீவனத் தவிடு, ஸ்டெப்னி, அந்தக் குழி. சட்டைப் பையில் குப்பி இருந்தது. குச்சியால் ஒரு பொட்டு வைத்தேன், இடது பக்கம் சற்றுச் சாய்த்து. அரை நிமிஷ வேலை. ஆம்புலன்ஸ்காரர்கள் நான் அவருடைய கைப்பையைத் தேடுகிறேன் என்று நினைத்து, “தள்ளி நில்லுங்க தாத்தா” என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அன்றிரவு விருந்து நடந்தது. யாருக்கும் இறங்கவில்லை. கர்ட் எழுந்து பேசினார். “ஒரு விஷயம் சொல்லணும். நான் போய்ப் பார்த்தேன். அந்தம்மா வண்டியில பொட்டு இருக்கு. வசந்தத்துல நான் சரியாப் பார்க்கல, என் தப்பு. எல்லாம் நொறுங்கிப் போச்சு, ஸ்டான்லியோட பொட்டு மட்டும் நிக்குது” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எண்பது பேரும் எழுந்து நின்றார்கள். அந்த மாதிரி ஓர் அமைதியை நான் எந்தத் தேவாலயத்திலும் கேட்டதில்லை. நான் நோரீனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தேன். உடைந்ததற்கு யாரும் புள்ளி குறைக்கவில்லை. ஹோஸும் அசல், பொட்டும் இருந்தது. போன வாரம் தகட்டைக் கிளாரன்ஸின் கல்லில் பதித்தோம். பக்கத்தில் நோரீன் இருக்கிறார், மண் இன்னும் காயவில்லை.

இப்போது உங்கள் அறிக்கை வந்திருக்கிறது. ‘மலிவான போலி.’ அந்தச் சொல் அப்படியே இருந்தால் எங்கள் சட்டப்படி புள்ளியைத் திரும்ப எடுக்க வேண்டும். தகட்டைக் கல்லிலிருந்து பெயர்க்க வேண்டும். கர்ட் நேற்று அழுதுகொண்டே போன் செய்தார். “விதின்னு ஒன்னு இருக்கே, வெண்டல்” என்கிறார். அந்தப் பெண்மணிக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்காகப் பேச வேறு யாரும் இல்லை. அதனால்தான் வந்தேன்.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஹோஸ் போலி அல்ல, அசல். கழற்றியது என் வண்டியிலிருந்து. மாட்டியது நான். தாங்காது என்று தெரிந்துதான் மாட்டினேன். தாங்கக் கூடாது என்றும்தான். நோரீன் ஸ்டட்ஸ்மனைக் கொன்றது நான். காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் அந்தப் பலகாரம் வைத்துக் கொடுத்த கண்ணாடிப் பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்திருக்கிறேன், வண்டி இருக்கையில் இருக்கிறது. அவருடைய சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நாற்காலி விஷயம் மட்டும் எழுத்தில் வேண்டாம். சங்கத்தில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?